வாயா, மிஷினா?

சட்டைப் பொத்தானை இடது கையால் போட்டுப் போட்டுப் பார்த்து முடியாமல், தம்பி சட்டையையே கழற்றிச் சுவரில் அடித்தான். சட்டை சத்தமில்லாமல் தரையில் விழுந்தது. அதுவும் அவனுக்குப் பொறுக்கவில்லை, காலால் ஓர் எத்து விட்டான். அம்மா அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து, சட்டையை எடுத்து உதறி, பத்தொன்பது வயதுத் தடியனுக்குக் கைக்குழந்தைக்கு மாட்டுவதுபோல ஒவ்வொரு கையாக நுழைத்து மாட்டிவிட்டாள். வலது கை உள்ளே போகும்போது அவன் முகம் கோணியது. கட்டுக்கு வெளியே தெரிந்த விரல் நுனிகள் சிவந்து, தோல் பளபளவென்று இழுபட்டிருந்தது. நடுவிரலை மட்டும் அவனால் நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை.

அடுப்படி வாசலில் டீத் தம்ளரோடு நின்று இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த அக்காக்காரிக்கு இரக்கம் வரவில்லை. வரும் வரும் என்று அவளும் முந்தாநாளிலிருந்து காத்துத்தான் இருக்கிறாள். வந்ததெல்லாம் எரிச்சல். கூடப்பிறந்தவன் வலியில் முகம் சுளிக்கிறான், நமக்கு ஏன் டீ இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று அவளுக்கே கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் டீயை மிச்சம் வைக்கவில்லை.

"இன்னிக்கு ஒரு நாள் வீட்டுல இருந்துடுடா கண்ணு" என்றாள் அம்மா.

"இருந்து? உன் மூஞ்சியப் பாத்துட்டே உக்காரவா?"

அம்மா இதற்கும் சிரித்தாள். பிள்ளை வாயைத் திறந்து பேசுகிறானே, அதுவே போதும் என்கிற சிரிப்பு. "பாழாப்போன ஷட்டர். அதுக்கு ஒரு சொட்டு எண்ணெய் விடறதுக்கு அந்த ஆபீஸ்ல ஆளே இல்லையா?" என்று ஷட்டரைத் திட்டிக்கொண்டே அடுப்பைப் பார்க்கப் போனாள்.

இந்த ஷட்டர் எங்கிருந்து வந்தது என்று அக்காக்காரிக்குத் தெரியும். முந்தாநாள் சாயங்காலம் தம்பி கொரியர் ஆபீஸ் வேலையிலிருந்து கையில் கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு, வாயில் சாராய வாடையோடு உள்ளே வந்தான். என்னடா ஆச்சு என்று கேட்டதற்கு ஒண்ணுமில்ல என்றான். அம்மா கைக்குட்டை ரத்தத்தைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "கொரியர் ஆபீஸ் ஷட்டர்ல மாட்டிக்கிச்சா?" என்று அவளாகவே எடுத்துக் கொடுத்தாள். அவன் தலையாட்டினான். அவ்வளவுதான், ஷட்டர் பிறந்துவிட்டது. அம்மா அவனைத் தெருமுனை டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனபோது அந்த ஷட்டருக்குத் துருப்பிடித்த விளிம்பும், மேலே இருந்து சடாரென்று இறங்கும் குணமும் வந்து சேர்ந்திருந்தன. டாக்டர் பாவம், கழுவி, ஒரு ஊசி போட்டு, தையல் போட்டு, இறுக்கிக் கட்டி அனுப்பினார்.

அப்பா இருந்த நாளிலிருந்தே, ஆஸ்பத்திரியில் அம்மா பேசுகிற அழகே தனி. டாக்டர் கேட்கட்டும் என்று காத்திருக்க மாட்டாள். உட்காரும்போதே சொல்லிக்கொண்டுதான் உட்காருவாள். குளியலறையில் வழுக்கிவிட்டது, அலமாரிக் கதவு இடித்துவிட்டது, இருட்டில் படி தெரியவில்லை. அப்பா பின்னால் பையைப் பிடித்துக்கொண்டு, பதறிப்போன புருஷனாக நிற்பார். அந்தப் பதற்றம்கூட நடிப்பில்லை என்பதுதான் கொடுமை. அடித்துவிட்டு அழுகிற ஆள் அவர். ஒருமுறை நர்ஸ் ஒருத்தி, வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த தம்பியிடம் விளையாட்டாக, "அம்மாவுக்கு என்னடா ஆச்சு?" என்று கேட்டாள். அவனுக்கு அப்போது ஆறோ ஏழோ வயது. வழியில் சொல்லிக்கொடுத்ததை அவன் கடகடவென்று ஒப்பித்தான். சமர்த்து என்று சொல்லி அவள் ஒரு பிஸ்கட் கொடுத்தாள். அக்காக்காரியிடமும் கேட்டாள். அவள் வாயைத் திறக்கவில்லை. அவளுக்கு பிஸ்கட் கிடைக்கவில்லை.

அப்பா போய் எட்டு வருஷம் ஆகிறது. சண்டை போட்டுவிட்டுப் போகவில்லை. சண்டை போட்ட நாளெல்லாம் வீட்டிலேயேதான் கிடந்தார். சண்டையே இல்லாத ஒரு நல்ல நாளில், ஷேவிங் சாமானையும் இஸ்திரிப் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். இஸ்திரிப் பெட்டியைக்கூட விட்டுவைக்காமல் போனாரே என்று அம்மா ரொம்ப நாள் சொல்லிக்கொண்டிருந்தாள். இப்போது வேறு ஊரில், வேறு வீட்டில், வேறு பிள்ளைகளோடு இருக்கிறார். குடித்துவிட்டால் பாசம் பொங்கிவிடும். தம்பிக்கு மட்டும் போன் வரும். "ராஜா, அப்பா வரேன்டா, உன்னக் கூட்டிட்டுப் போறேன்டா" என்பார். சின்ன வயதில் தம்பி அதை நம்பிக் குளித்து, தலைசீவி, வாசற்படியில் போய் உட்கார்ந்திருப்பான். உள்ளே வாடா என்றால் கடித்துக் குதறிவிடுவான். பிறகு வாசலில் உட்காருவது நின்றது. விளக்கை அணைத்தால் தூக்கம் வராது என்றான். குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு மணிக்கணக்காக உள்ளே இருந்தான். பதினாறு வயதில் முதல்முறை தள்ளாடிக்கொண்டு வந்தபோது அம்மா, "வயசுக் கோளாறு" என்றாள். அக்காக்காரி, "வயசுக்கு வாடை அடிக்காதும்மா" என்றாள். அன்றைக்கும் அம்மா அவளைத்தான் முறைத்தாள்.

அவள் மட்டும் என்ன வாழ்ந்தாள்? இருபத்திநாலு வயதில் ஒரு சிநேகிதி கிடையாது. யார் பக்கத்தில் வந்தாலும் முதலில் மூக்குதான் வேலை செய்யும். மேஜையில் யாராவது தம்ளரைக் கொஞ்சம் ஓங்கி வைத்தால், உள்ளே ஏதோ ஒன்று எழுந்து கதவைப் பார்த்து ஓடும். தூக்கத்தில் நறநறவென்று பல்லைக் கடிப்பாள். கடித்துக் கடித்துத் தேய்ந்துபோன பற்களுக்கு அவளே ஓர் உறை செய்து போட்டுக்கொண்டாள். அதையும் கடித்து ஓட்டை போட்டுவிட்டாள். இப்போது இருப்பது இரண்டாவதோ மூன்றாவதோ.

உறை செய்யத் தெரிந்தது எப்படி என்றால், அவள் வேலையே பல்தான். பல் டாக்டர்கள் நோயாளி வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள். அதைப் பார்த்து கட்டுப்பல்லும், உடைந்த பல்மேல் மாட்டுகிற கேப்பும் செய்து கொடுக்கிற லேப், ஒரு மருந்துக்கடைக்கு மேலே இரண்டு அறை. முன்னறையில் பிளாஸ்டர் தூசியும் கிரைண்டர் சத்தமும். உள்ளறையில் சின்ன காஸ் அடுப்பு, மெழுகு, மூக்கைக் குத்துகிற பிசின் திரவத்தின் வாடை. மெழுகில் ஈறு கட்டிப் பல்லை வரிசையாக உட்கார வைப்பது அவள் பாகம். கை அவ்வளவு சுத்தம். அதனால் அங்கே அவளுக்கு மெழுகு என்றே பெயர். பீங்கான் கேப் செய்கிற அண்ணன் ஒருவர் உண்டு. அவள் கடித்து ஓட்டை போட்ட உறையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துவிட்டு, "ஏம்மா மெழுகு, ராத்திரி யாரத் தின்ன?" என்று கேட்டார். அவள் சிரித்துவிட்டாள். அந்த அறையில்தான் அவளுக்குச் சிரிப்பு வரும்.

லேப்பில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது கை கிழிந்து 'ஸ்' என்று ஒரு சத்தம் வந்தால், மற்ற எல்லாரும் தலை தூக்காமலே கேட்பார்கள்: "வாயா, மிஷினா?" மிஷினில் கிழிந்தது என்றால் பஞ்சை வைத்துக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்க்கலாம். வாயில் இருந்து வந்த பொருளில், அதாவது கழுவாத அச்சிலோ, பழைய கட்டுப்பல்லிலோ கிழிந்தது என்றால் கதையே வேறு. குழாயைத் திறந்து காயத்தைப் பிழிந்து, மூடாமல் திறந்தபடியே டாக்டரிடம் போகவேண்டும். போய் முதல் வார்த்தையாக அதைச் சொல்லவேண்டும். மனுஷன் வாயைவிட அழுக்கான இடம் கிடையாது என்பது முதலாளியின் சித்தாந்தம். அவள் சேர்ந்த புதிதில் கழுவாத ஓர் அச்சின் தகரத் தட்டு விளிம்பில் விரலைக் கிழித்துக்கொண்டு, வெட்கப்பட்டு மிஷின் என்று சொல்லிவிட்டாள். உள்ளே சீழ் வைத்து விரல் வாழைப்பூ கணக்காக வீங்கியது. ஆஸ்பத்திரியில் அறுத்துத் திறந்து கழுவிய டாக்டர், "இன்னும் ஒரு நாள் விட்டிருந்தா மூட்டு போயிருக்கும்" என்றார்.

ஆகவே, முந்தாநாள் சாயங்காலம் அடுப்படிக் குழாயில் தம்பி கையை நீட்டியபோது அவளுக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. நடுவிரல் முட்டிக்கு மேலே சின்னதாக, வளைவாக ஒரு வெட்டு. ஷட்டர் நசுக்கும், சிராய்க்கும், தோலை உரிக்கும். இப்படி நகம் அளவுக்கு வளைத்து வெட்டாது. நாள் முழுக்க முன்பற்களை வரிசையாக வைத்துப் பார்க்கிறவளுக்கு அந்த வளைவு யார் சொல்லியும் தெரியவேண்டியதில்லை. யாரோ ஒருத்தர் வாயில் இவன் கை இறங்கியிருக்கிறது. அது தெரிந்தது. டாக்டரிடம் சொல்லவேண்டும் என்பதும் தெரிந்தது. சொல்லவில்லை. மறந்துபோய்ச் சொல்லாமல் விடவில்லை. போகட்டும் என்றுதான் விட்டாள். அந்தக் கை போனால் போகட்டும், ஒரு வீட்டுக்கு அடிக்கிற கை ஒன்று போதும் என்று அவள் மனசு தெளிவாக, சத்தமாக, அவள் குரலிலேயே சொன்னது. அந்தக் குரலைக் கேட்டு அவளுக்குப் பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

காலையில் வேலைக்குப் போனதும் முதலாளி ஓர் அச்சை அவள் மேஜையில் வைத்தார். மேல் முன்பல் ஒன்று, பாதிக்கு மேல் குறுக்காக உடைந்தது. "இத பீங்கான்ல செய்யணும். அந்தப் பொண்ணே வருது, நிறம் பாக்க. பீங்கான்காரன் சாப்பிடப் போயிருக்கான், நீ பாத்துக் குறிச்சு வை" என்றார். பக்கத்துப் பல்லின் நிறத்துக்கு இணையாகச் செய்யாவிட்டால் புதுப்பல் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும். அதனால் முன்பல் என்றால் ஆளையே வரச்சொல்லி, வெயில் வெளிச்சத்தில் மாதிரிப் பற்களை ஒவ்வொன்றாகப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள்.

வந்தது சின்னப் பெண். பதினெட்டு இருக்கும். வாயைக் கையால் மூடிக்கொண்டே படியேறி வந்தாள். மேலுதடு உள்பக்கம் கிழிந்து இன்னும் வீக்கம் வடியவில்லை. அக்காக்காரி அவளை ஜன்னலோரம் உட்காரவைத்து, உதட்டை மெதுவாகத் தூக்கி, மாதிரிப் பல்லை வைத்துப் பார்த்தாள். அந்த உதடு விரலுக்கடியில் நடுங்கிக்கொண்டிருந்தது.

"எப்படி ஆச்சு?"

"ஷட்டர் இடிச்சிடுச்சுக்கா."

மாதிரிப் பல் பிடித்திருந்த கை நின்றது. "எந்த ஷட்டர்?"

"எங்க ஆபீஸ்தான். கொரியர் ஆபீஸ். நான் கவுண்டர்ல இருக்கேன்." கேட்காமலேயே அவள் வேகமாகத் தொடர்ந்தாள். "திடீர்னு இறங்கிடுச்சு. கூட வேலை செய்யறவர் ஒருத்தர் கையக் குடுத்துத் தடுத்தாரு. இல்லன்னா தலையிலயே விழுந்திருக்கும். அவருக்கும் கையில நல்ல அடி."

அக்காக்காரி மாதிரிப் பல்லை மேஜையில் வைத்தாள். அம்மா பெற்றெடுத்த ஷட்டர், இரண்டே நாளில் எவ்வளவு வளர்ந்துவிட்டது! அடித்தவனை ஆபத்பாந்தவனாகவே ஆக்கிவிட்டது. சிரிப்பு வந்தது. அது சிரிப்பாக வெளியே வரவில்லை. அப்பா உடைத்த அம்மாவின் முன்பல்லும் இதே பக்கம்தான். லேப்பில் வேலைக்குச் சேர்ந்து தொழில் கைவந்ததும் அவள் முதன்முதலாக வீட்டுக்கென்று செய்தது அந்தப் பல்தான்.

"அவன் என் தம்பி" என்றாள்.

அந்தப் பெண் சட்டென்று வாயை மூடிக்கொண்டாள். கண் மட்டும் அகலமாகத் திறந்து இவளையே பார்த்தது. கீழே மருந்துக்கடையில் யாரோ இருமல் மருந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"குடிச்சிருந்தாருக்கா. அதான். இல்லன்னா ரொம்ப நல்லவரு" என்றாள் கைக்குள்ளிருந்தே. பிறகு, "அப்புறம் அழுதாருக்கா. நேத்து வந்து கால்ல விழுந்து அழுதாரு. ஷட்டர்னு சொல்லச் சொன்னாரு."

"அழுவான். எங்கப்பாவும் அழுவாரு. அடிக்கிறத விட நல்லா அழுவாரு."

"கை எப்படி இருக்கு இப்ப? போன் எடுக்க மாட்டேங்கறாரு."

இதைக் கேட்டதும்தான் அக்காக்காரிக்குத் தலைக்கேறியது. கிழிந்த உதட்டை வைத்துக்கொண்டு இவள் அவன் கையைக் கேட்கிறாள். இரண்டு தோளையும் பிடித்து உலுக்க வேண்டும்போல இருந்தது. யாரைத் தொடவும் தனக்கு இப்போது யோக்கியதை இல்லை என்று பட்டு, கையை மடியில் வைத்துக்கொண்டாள். "உன் பல்லு பழையபடியே இருக்கும். யாருக்கும் வித்தியாசம் தெரியாது. எங்கம்மா பல்லக்கூட யாரும் கண்டுபிடிச்சதில்ல" என்றாள். "அதனாலதான் எல்லாம் அப்படியே நடந்துச்சு. உன் வீட்டுல போய்ச் சொல்லு. ஷட்டர்னு சொல்லாத. அவன் பேரச் சொல்லு."

பெண் எழுந்து, படியிறங்கும்போது ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். சொல்வாளா மாட்டாளா என்று அந்த முகத்தை வைத்து எதுவும் தெரியவில்லை. நிறத்தின் எண்ணைக் குறித்து வைத்துவிட்டு அக்காக்காரி முதலாளியிடம் போய், வீட்டுக்குப் போகணும் என்றாள். வேலை குவிஞ்சு கிடக்கு என்று அவர் முனகினார். அவள் காதில் வாங்காமல் செருப்பைத் தேடினாள். ஏன் போகிறாள் என்று அவளுக்கே நிச்சயமில்லை. அவன் கையைக் காப்பாற்றவா, அவன் கழுத்தைப் பிடிக்கவா?

வீட்டில் தம்பி வேலைக்குப் போகாமல் கட்டிலில் கிடந்தான். உடம்பு கொதித்தது. அம்மா கட்டின் மேலேயே வெந்நீர் ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கையின் உள்பக்கம் வரை சிவப்பாக ஒரு கோடு ஏறியிருந்தது. கிட்டப் போனால் கட்டுக்குள்ளிருந்து ஒரு வாடை.

"வாயா, மிஷினா?" என்றாள் அக்காக்காரி. வாய் தன்னாலேயே கேட்டுவிட்டது.

"என்னடி உளர்ற? ஷட்டர்னுதான் சொல்றேன்ல" என்றாள் அம்மா.

"உன்னக் கேக்கலம்மா. டேய், உன்னத்தான். உன் ஷட்டருக்கு இன்னிக்கு நான் நிறம் பாத்துட்டு வரேன். உதடு கிழிஞ்சு, பல்லு பாதி போயி, உன் கை எப்படி இருக்குன்னு என்கிட்ட விசாரிக்குது உன் ஷட்டர்."

அவன் இடது கையால் பக்கத்திலிருந்த தம்ளரை எடுத்து வீசினான். அது அவள் தோளை உரசிக்கொண்டு போய் அலமாரியில் பட்டு உருண்டது. அவளுக்கு உள்ளே வழக்கம்போல எல்லாம் கதவைப் பார்த்து ஓடியது. கால் மட்டும் ஓடவில்லை. "ஏன், இந்தக் கையிலயும் பழகிக்கிறியா?" என்றாள்.

"நான் அவரு மாதிரி இல்ல!" என்று கத்தினான். கத்தியதில் குரல் உடைந்து சின்னப்பையன் குரலாகிவிட்டது. "அன்னிக்கு அவரு போன் பண்ணாரு. அங்க இருக்கிற அவரு புள்ள ஓட்டப்பந்தயத்துல ஜெயிச்சிட்டானாம். தோள்ல தூக்கிட்டு ஊரையே சுத்தி வந்தாராம். எங்கிட்ட சொல்றாரு, ராஜா, உனக்கும் சந்தோஷமா இருக்கும்லன்னு. எனக்கு எப்பிடி இருக்கும்? போய்க் குடிச்சேன். திரும்பி ஆபீஸ் வந்தா அவ, யாரு போன்ல, ஏன் மூஞ்சி இப்படி இருக்கு, சொல்லு சொல்லுன்னு விடாம கேக்கறா. எனக்குத் தெரியலக்கா. கை போயிடுச்சு. என் கைதான்னே எனக்குத் தெரியல. கண்ண மூடினா அந்தச் சத்தம் கேக்குது."

சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து விம்மினான். முதுகெலும்பு சட்டைக்கு மேல் தெரிந்தது. வாசற்படியில் தலைசீவி உட்கார்ந்திருந்த முதுகு இதுதான் என்று அவளுக்குத் தெரியாமலில்லை. தெரிந்தது, வலிக்கவும் செய்தது. அந்த வலி அவள் கோபத்தைக் கொஞ்சமும் குறைக்கவில்லை. பாவம் என்பதும் படுபாவி என்பதும் ஒரே ஆளாக ஒரே கட்டிலில் படுத்திருந்தால் யார்தான் என்ன செய்வது?

"அவர் போன் பண்ணதுக்கு அவ பல்லா? என்ன கணக்குடா இது? எந்திரி. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகணும். பல்லு பட்ட காயத்த மூடித் தைச்சு வெச்சிருக்காங்க, உள்ள அழுகிட்டு வருது. ஷட்டர் ஷட்டர்னே சொல்லிட்டிருந்தா அதுக்குத்தான் மருந்து குடுப்பாங்க. விரல் போயிடும். அதுக்கப்புறம் கையே."

"உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள் அம்மா.

"முதல் நாளே தெரியும். குழாயில கையக் கழுவினானே, அப்பவே."

"தெரிஞ்சா ஏன்டி சொல்லல?"

"போகட்டும்னு இருந்துட்டேன்."

அம்மா எழுந்து வந்து அவள் கன்னத்தில் ஓங்கி ஓர் அறை விட்டாள். காதுக்குள் கொய்யென்றது. இத்தனை வருஷம் அத்தனை வாங்கியும் ஒருநாளும் யார்மேலும் திரும்பாத கை அது. எங்கே அடித்தால் எப்படி வலிக்கும் என்று மட்டும் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தது. அக்காக்காரி கன்னத்தைத் தடவவில்லை. அறைந்த கையை அம்மாதான் மற்றொரு கையால் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஆட்டோ கூப்பிடறேன்" என்று அக்காக்காரிதான் முதலில் வாயைத் திறந்தாள். கட்டிலைப் பார்த்துச் சொன்னாள்: "அங்க நான் வாயத் திறக்க மாட்டேன். உனக்காக ஒரு வார்த்தை பேச மாட்டேன். நீதான் சொல்லணும். சொல்லலன்னா விரல விட்டுட்டு வா."

பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவில் கூட்டம் இருந்தும், அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்த்ததும் உடனே உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். உயரமான மேஜையில் தம்பியை உட்காரவைத்தார்கள். கட்டைப் பிரித்த டாக்டரம்மா வயதில் சின்னவள்தான், தூக்கமில்லாத கண். பின்னால் ஒரு பருத்த நர்ஸ் வந்து நின்றாள். பஞ்சு ரத்தத்தோடு ஒட்டிக்கொண்டு வராமல் அவன் துடித்தபோது, அவன் தோளில் தன் கையை அழுத்தி வைத்தாள். "ஒண்ணுமில்ல கண்ணு, ஒண்ணுமில்ல. இங்க பாக்காத. என்னப் பாரு" என்றாள். அவன் தலை தானாகவே சாய்ந்து அவள் கைமேல் போய்ப் பட்டது. அவள் நகர்த்தவில்லை. கட்டைவிரலால் தோளைத் தேய்த்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். யாரும் அவனை அப்படித் தொட்டு எவ்வளவு நாளாயிற்றோ, அவன் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கையை மோந்துகொண்டிருந்தான்.

"எதுல பட்டது இது?" என்று டாக்டரம்மா கேட்டாள்.

"ஷட்டர் டாக்டர். துருப்பிடிச்ச ஷட்டர், மேல இருந்து சடார்னு..." அம்மா ஆரம்பித்துவிட்டாள். இத்தனை நடந்த பிறகும் ஆரம்பித்துவிட்டாள். கேள்வி விழுந்த இடத்தில் பதில் போய் நிற்கிற பழக்கம், பாவம், அவள் நினைத்தாலும் நிற்காது போல. அக்காக்காரி கதவருகே நின்றபடி உதட்டைக் கடித்துக்கொண்டாள். சொல்ல மாட்டேன் என்றவள் சொல்லக்கூடாது. தம்பி கண்ணைத் திறந்து ஒரு நொடி அவளைப் பார்த்தான். சொல்லிவிடேன் என்று கெஞ்சுகிற பார்வை. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை, உதவவும் இல்லை.

"பல்லு" என்றான்.

டாக்டரம்மா நிமிர்ந்தாள். "மனுஷப் பல்லா?"

தலையாட்டினான். அவள் முகம் மாறி, தையலை வெட்டுகிற கத்தரியைக் கேட்டு வாங்கிக்கொண்டே, "இத முதல்லயே சொல்லவேண்டாமா? யாராவது கடிச்சிட்டாங்களா?" என்றாள்.

அவ்வளவு சுலபமாக ஒரு வாசலை யாரும் திறந்துவிட்டதில்லை. "ஆமா டாக்டர், கடிச்சிட்டா, ஒரு பொண்ணு" என்று அம்மா அதற்குள் பாய்ந்து நுழைந்தேவிட்டாள். தம்பியும் நுழைந்துவிடலாம். ஒரு 'ம்' போதும். மருந்தும் சரியான மருந்தாகத்தான் வரும், விரலும் பிழைத்துவிடும், யாருக்கும் எதுவும் தெரியாது. அக்காக்காரியின் பற்கள் ஒன்றோடொன்று இறுகின. அவனும் கணக்குப் போடுவது அவன் தொண்டையில் தெரிந்தது. நர்ஸின் கட்டைவிரல் தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தது.

"கடிக்கல" என்றான். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னான். "அவ கடிக்கல. நான்தான் அடிச்சேன். வாயில."

டாக்டரம்மா குனிந்து முதல் தையலை வெட்டினாள். நர்ஸ் திட்டவில்லை, முறைக்கவும் இல்லை. ஏதோ எடுக்கப் போகிறவளைப்போல அவன் தோளிலிருந்து கையை எடுத்தாள். மேஜையைச் சுற்றி நடந்து, அந்தப் பக்கம் போய் டாக்டரம்மாவுக்கு அருகில் நின்று தட்டைப் பிடித்துக்கொண்டாள். சாய்ந்திருந்த தலை சாய்மானம் இல்லாமல் ஒரு ஆட்டம் ஆடி நேராயிற்று. சீழ் பீறிட்டபோது அவன் கத்தினான். அம்மா சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். அக்காக்காரி நின்ற இடத்திலிருந்து அவன் முதுகுதான் தெரிந்தது. வியர்வையில் நனைந்த சட்டையின் தோளில், அந்தக் கை இருந்த இடம் ஐந்து விரலோடும் கசங்கித் தெரிந்தது. அவளுக்கும் அதற்கும் நடுவில் நாலு எட்டுகூட இருக்காது. அவள் கதவில் வைத்த கையை எடுக்காமல், அந்தக் கசங்கல் மெல்ல மெல்ல விரிந்து தட்டையாவதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.